தனியாக மென்பொருள் வேலை: ட்ரெல்லோவா, கிட்ஹப் இஷ்யூஸா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு மேசையில் இருந்து லண்டன் கடைக்காரர் ஒருவருக்கு வேலை செய்கிறேன். அவருக்குக் காலை விடியும்போது எனக்கு மத்தியானம் தாண்டிவிடும். முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில், "தம்பி, அந்த விலைப் பட்டியலை மாத்திட்டீரோ?" என்று குரல்பதிவு வரும். மூன்று நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

வேலைகளை அட்டைகளாக அடுக்கிவைக்கும் ட்ரெல்லோ என்ற இணையச் செயலியில் அவரையும் சேர்த்தேன். 'செய்ய', 'செய்கிறேன்', 'முடிந்தது' என்று மூன்று பட்டியல். அட்டையைக் கையால் இழுத்து மாற்றலாம் என்பதால் அண்ணைக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. கணினி தெரியாத வாடிக்கையாளருக்கு இதைவிட இலகுவானது நான் கண்டதில்லை.

ஆனால் என் வேலை கோடில்தான் நடக்கிறது. அங்கே கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்தான் எனக்குக் கைகொடுக்கிறது. அதில் செய்யவேண்டிய வேலை ஒவ்வொன்றையும் எண் போட்ட 'இஷ்யூ'வாகக் குறித்து வைக்கலாம். கோடில் செய்த மாற்றத்தைப் பதியும்போது (அதுதான் கமிட்) எழுதும் செய்தியில் 'பிக்ஸஸ் #12' என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்த மாற்றம் கோடின் பிரதான கிளையில், அதாவது முதன்மைப் பதிப்பில், சேர்ந்ததும் 12ஆம் இஷ்யூ தானே மூடிக்கொள்ளும். எந்த வரியை எதற்காக மாற்றினேன் என்பது ஆறு மாதம் கழித்தும் தெரியும். 2022இல் 13 மணிநேரம் கரண்ட் போன நாள்களை நினைத்துப் பாருங்கள். கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும், மாற்றங்களைப் பதியும் 'கிட்' என்ற மென்பொருளுக்குக் கமிட் செய்ய இணையம் வேண்டாம். மடிக்கணினி பற்றரி இருக்கும்வரை கமிட் செய்து, இணையம் வந்ததும் கிட்ஹப்புக்கு அனுப்பலாம் (புஷ் பண்ணலாம்). மற்றவர்கள் பார்க்க முடியாதபடி கோடை வைக்கும் தனிப்பட்ட களஞ்சியங்களும் கிட்ஹப்பில் 2019 முதல் இலவசம்.

ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றால் கிட்ஹப்பையே எடுப்பேன். இப்போதைக்கு அண்ணையின் அட்டையில் இஷ்யூ இணைப்பை மட்டும் ஒட்டிவிடுகிறேன்.