லீஃப்ஸ் ரசிகர் சண்டையும் நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளமும்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஆடும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், அந்த லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாகத் தூக்கியது 1967-இல். 2013 பிளேஆஃப்பில் (சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றச் சுற்று; வழக்கமாக ஒரு தொடரில் நான்கு ஆட்டத்தை முதலில் வெல்பவர் முன்னேறுவார்) பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றார்கள். 2021-இல் மான்ட்ரியாலுக்கு எதிராக 3-1 என்று தொடரில் முந்தியிருந்தும் வெளியேறினார்கள். 2025-இல் ஃபுளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டு, சொந்தத் திடலில் ஐந்தாவது ஆட்டத்தையும் ஏழாவது ஆட்டத்தையும் ஒரே மாதிரி 6-1 என்று பறிகொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள். அதிர்ஷ்டம் இல்லை என்பது ஒரு கட்சி. நட்சத்திர ஆட்டக்காரர்கள் நெருக்கடியில் சுருங்கிவிடுகிறார்கள் என்பது அடுத்தது. அணியைக் கட்டிய விதமே கோணல் என்பது மூன்றாவது. மூவரும் ஆதாரமாக நீட்டுவது பெரும்பாலும் ஒரே புள்ளிவிவரத் தளத்தின் அட்டவணையை: நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனை அலச இலவசமாகக் கிடைப்பவற்றில் இதுவே முதல் தேர்வு. ஏழு ஆட்டங்கள் கொண்ட ஒரு தொடரை அலச, அமைப்புகளை மாற்றாமல் அப்படியே எடுத்தால், யாருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிடும்.

தளம் செய்யும் வேலை எளிது. என்ஹெச்எல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிகழ்வுப் பதிவு வெளியிடுகிறது: யார் அடித்தார், எந்த இடத்திலிருந்து, எந்த வகை ஷாட், எந்த நொடியில், அப்போது ஐஸில் யார் யார் இருந்தார்கள். அதை 2007-08 சீசனிலிருந்து வாங்கிக் கூட்டிக் கழித்து அட்டவணையாக்கித் தருகிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எண்கள் புதுப்பிக்கப்படும். கோர்சி என்பது கோல், கோலி (வலைக்காவலர்) தடுத்த ஷாட், விலகிப்போன ஷாட், ஆட்டக்காரர் குறுக்கே மறித்த ஷாட் எல்லாம் சேர்ந்த மொத்த முயற்சி. ஃபென்விக் என்பது அதில் மறிக்கப்பட்டவை நீங்கலானது. எக்ஸ்ஜி (எதிர்பார்க்கும் கோல்), அந்த இடத்திலிருந்து அந்த வகையில் அடித்தால் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிப் பார்த்த தொகை.

'ஸ்கோரிங் சான்ஸ்', 'ஹை டேஞ்சர்' பத்திகள்தான் அதிகம் தவறாகப் படிக்கப்படுகின்றன. இவற்றை யாரும் வீடியோ பார்த்து எண்ணுவதில்லை. தாக்கும் பகுதியை மூன்று மண்டலமாகப் பிரித்து ஷாட்டுக்கு 1, 2 அல்லது 3 புள்ளி கொடுக்கிறார்கள். முந்தைய முயற்சிக்கு 3 நொடிக்குள் வந்த ரீபவுண்ட் என்றாலும், நடு மண்டலத்திலோ தற்காப்பு மண்டலத்திலோ ஏதாவது நிகழ்ந்த 4 நொடிக்குள் வந்த வேகத் தாக்குதல் என்றாலும் ஒரு புள்ளி கூடும். மறிக்கப்பட்டால் ஒன்று குறையும். 2 தொட்டால் ஸ்கோரிங் சான்ஸ், 3 தொட்டால் ஹை டேஞ்சர். அதனால் வலைக்கு முன்னால் நாலு பேர் காலுக்குள் சிக்கிய பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) மட்டையால் இடித்ததும் ஹை டேஞ்சர்தான். ஆளே இல்லாத பக்கத்துக்கு வந்த அழகான பாஸில் அடித்ததும் அதே ஹை டேஞ்சர்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். பத்திக்குத் தெரியாது.

பயன்படுத்தும் முறை இது. அணிகள் பக்கத்தைத் திறந்தவுடன் வரும் அட்டவணையை நம்பி வாதாட வேண்டாம். ஆட்ட நிலையை '5-க்கு-5, ஸ்கோர் அண்ட் வென்யூ அட்ஜஸ்டட்' (கோலி தவிர இருபுறமும் ஐவர் ஆடும் நேரம்; ஸ்கோருக்கும் திடலுக்கும் ஏற்பச் சரிசெய்த எண்) என்று மாற்றுங்கள். எல்லா நிலையையும் சேர்த்துப் பார்த்தால் பவர் பிளேயும் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்க, ஆள் கூடுதலாக ஆடும் நேரம்), கூடுதல் தாக்குபவருக்காகக் கோலியை வெளியே எடுத்த கடைசி நிமிடங்களும் கலந்து எண் குழம்பிவிடும். அடுத்து சீசன் வகையில் ரெகுலர் சீசனா பிளேஆஃப்பா என்று தேர்ந்தெடுங்கள். பிளேஆஃப் என்றால் தொடக்க சீசனையும் முடிவு சீசனையும் விரித்துப் பல ஆண்டுகளை ஒன்றாகச் சேருங்கள். ஆட்டக்காரர் பட்டியலில் குறைந்தபட்ச நிமிடத்தைப் போடாமல் வரிசைப்படுத்தினால், நாலு ஆட்டம் மட்டும் ஆடிய, குறைந்த நேரமே இறக்கப்படும் நான்காம் லைன்காரர் (லைன் என்பது மாறி மாறி இறங்கும் தாக்குபவர் குழு) லீக்கிலேயே முதலிடத்தில் வந்து நிற்பார். சீசன் கணக்குக்கு 200 நிமிடம் வைப்பது நியாயமான கோடு.

அந்த ஸ்கோர் சரிசெய்தல் ஏன் வேண்டும் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை இதில்தான் கெட்டுப்போகிறது. பின்தங்கிய அணி எதையும் இழக்கத் துணிந்து அடித்துக்கொண்டே இருக்கும். முந்திய அணி பக்கைத் தூக்கி வெளியே எறிந்து நேரத்தைக் கடத்தும். ஆகவே தோற்கும் அணியின் ஷாட் பங்கு (இரு அணியின் மொத்த முயற்சியில் அதன் விழுக்காடு) தானாக ஏறும். இரண்டாம் பகுதியிலேயே 2-0 என்று பின்தங்கிய அணி ஷாட் பங்கில் 56 விழுக்காட்டோடு முடித்தால், அதை 'ஆதிக்கம் செலுத்தியும் அதிர்ஷ்டம் இல்லை' என்று படிப்பது பிழை. சரிசெய்த எண்ணில் அது பெரும்பாலும் 50-ஐ ஒட்டி இறங்கிவிடும். லீஃப்ஸ் தோற்ற ஆட்டங்களைப் பற்றிய எந்த அட்டவணைத் திரைப்பிடிப்பு கைக்கு வந்தாலும் முதலில் மேலே உள்ள ஆட்ட நிலையைப் பாருங்கள்.

நீண்ட காலக் கணக்கில் இந்த எண்கள் எவ்வளவு கூர்மையானவை என்பதற்கு லீஃப்ஸின் சொந்த வரலாறே சாட்சி. 2013-இன் 48 ஆட்டச் சீசனில் அணி பிளேஆஃப்புக்குள் நுழைந்தது, ஆனால் முயற்சிப் பங்கில் லீக்கின் அடித்தட்டில் கிடந்தது. இது நிற்காது என்று எண் பார்ப்பவர்கள் சொன்னார்கள், ஆட்டத்தை நேரில் பார்ப்பவர்கள் ஏசினார்கள். 2013-14-இல் கடைசி 14 ஆட்டங்களில் 12-ஐத் தோற்று அணி சரிந்தது. அடுத்த சீசனில் 21-16-3 (வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி) என்ற வெளித்தோற்றத்துக்கு நல்ல கணக்கோடு இருந்தபோது பயிற்சியாளர் ரேண்டி கார்லைல் பதவி இழந்தார். அதன் பிறகு அணி எடுத்தது 9-28-5. பிடிஓ பத்தியைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடப் பாடம் வேண்டாம். ஐஸில் இருக்கும்போது அணியின் ஷாட் வெற்றி விகிதத்தையும் கோலியின் தடுப்பு விகிதத்தையும் கூட்டியது பிடிஓ. லீக் சராசரி 1.000. நீண்ட ஓட்டத்தில் 1.020-க்கு மேலே நிற்பது அரிது. அந்த உயரத்தில் நல்ல கணக்கோடு இருக்கும் அணியின் ஷாட் பங்கு 45-ஐச் சுற்றி இருந்தால், இறங்குமுகம் காத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மிகச் சிறந்த கோலி உள்ள அணிக்குச் சராசரியே 1.000-க்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். பிடிஓ முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் கோலியை மறந்துவிடுகிறார்கள்.

பிளேஆஃப்புக்கு வந்தால் கதை வேறு. ஒரு ஆட்டத்தில் 5-க்கு-5 நேரம் ஏறக்குறைய 48 நிமிடம். ஏழு ஆட்டத்துக்கு 340 நிமிடம் போல வரும். 60 நிமிடத்துக்கு 2.5 கோல் என்று வைத்தால் ஒரு அணிக்கு 14 கோல். இந்த அளவு சிறிய எண்ணிக்கையில் 14 வரவேண்டிய இடத்தில் 10 வருவதும் 18 வருவதும் தற்செயலாகவே நடக்கக்கூடியவை. ஆக, 51.5 விழுக்காடு எக்ஸ்ஜி எடுத்த அணி 48.5 எடுத்த அணியைவிடச் சிறந்தது என்று ஒரு தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தளம் இதைப் பற்றி எங்கும் எச்சரிப்பதில்லை. இரண்டு தசம இடம் வரை அச்சிடுவதால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தோன்றுகிறது. இது உண்மையான குறை.

பவர் பிளேயும் அப்படித்தான். 2024-இல் பாஸ்டனுக்கு எதிராக லீஃப்ஸ் பவர் பிளே 21 வாய்ப்பில் 1 கோல். ஏழாவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை போன தொடர் அது. இன்னும் ஒரு கோல் போதுமாயிருந்திருக்கலாம். ஐந்துக்கு ஒன்று வீதம் அடிக்கும் ஒரு சராசரி பவர் பிளே, 21 வாய்ப்பில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ எடுப்பது, கணக்குப் போட்டால், நூற்றுக்கு ஆறு முறை வெறும் தற்செயலாக நடக்கும். அரிது, ஆனால் நடக்காததல்ல. 5-க்கு-5 அட்டவணையை மட்டும் பார்த்து இந்தத் தொடரைப் பேசுபவர் நோயின் இடத்தையே தொடவில்லை. பவர் பிளே நிலையைத் தனியாகத் தேர்ந்து, 60 நிமிடத்துக்கு எத்தனை ஷாட் முயற்சி, எவ்வளவு எக்ஸ்ஜி என்று ரெகுலர் சீசனோடு ஒப்பிடுங்கள். முயற்சியே குறைந்திருந்தால் எதிரணி நுழைவையும் பாஸையும் அடைத்துவிட்டது என்று பொருள். முயற்சி இருந்தும் கோல் இல்லையென்றால் கோலியையும் அடித்தவரையும் பேசலாம்.

இனி அந்தப் பழைய கேள்வி: இவர்கள் பெரிய ஆட்டத்தில் சுருங்குகிறார்களா? 2018 முதல் 2025 வரை தொடர் சமமாகி, இரு அணிக்கும் வென்றே தீர வேண்டியிருந்த கடைசி ஆட்டங்களில் லீஃப்ஸ் ஆடியவை ஏழு (லீஃப்ஸ் கோல் முதலில்). 4-7, 1-5, 0-3, 1-3, 1-2, 1-2, 1-6. ஏழிலும் தோல்வி, மொத்தம் 9 கோல். 2018-ஐ விட்டால் ஆறு ஆட்டத்தில் 5 கோல். ஆட்டத்துக்கு 3 கோல் வீதம் அடிக்கும் அணிக்கு ஏழு ஆட்டத்தில் 21 வர வேண்டும். 21-ஐச் சுற்றி இயல்பான ஏற்ற இறக்கம் நாலரை கோல். 9 அதற்கு வெகு கீழே. பிளேஆஃப்பில் கோல் குறையும், எதிரே நல்ல கோலிகள் இருந்தார்கள் என்பதையெல்லாம் கழித்தாலும், அதிர்ஷ்டக் கட்சியின் வாதம் இங்கே தளர்ந்துவிடுகிறது. இங்கேதான் தளம் தன் சம்பளத்துக்கு உழைக்கிறது. அந்த ஏழு ஆட்டங்களின் எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தை மட்டும் பாருங்கள். வாய்ப்பே உருவாகவில்லையா, உருவாகி வீணானதா? முதலாவது என்றால் பயிற்சியாளரையும் அணி அமைப்பையும் கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் அடிப்பவர்களை. ஷாட் வரைபடம் வலைக்கு முன்னால் காலியாகவும் நீலக்கோட்டருகே (தாக்கும் பகுதியின் எல்லை) அடர்த்தியாகவும் இருந்தால், எதிரணி நடுவை மூடி வெளியே தள்ளியிருக்கிறது.

எக்ஸ்ஜிக்குக் கண் இல்லாத இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். லீக்கின் பதிவில் பாஸ் கிடையாது. கோலிக்குக் குறுக்காக வந்த பாஸில் ஒரே தட்டாக அடித்தது, நின்று குறிபார்த்து அடித்தது இரண்டுக்கும், இடம் ஒன்றென்றால் மதிப்பும் ஏறக்குறைய ஒன்று. கோலியின் பார்வையை யாராவது மறைத்து நின்றார்களா என்பதும் பதிவில் இல்லை. அடித்தவர் லீஃப்ஸின் முன்னணி கோலடிப்பவர் ஆஸ்டன் மேத்யூஸா மூன்றாம் இணைத் தற்காப்பாளரா என்பதும் இந்தக் கணக்கில் வராது. மறிக்கப்பட்ட ஷாட்டுக்குப் பதிவாகும் இடம், அடித்த இடமல்ல, மறித்த இடம். பாஸால் உயிர்வாழும் அணியை எக்ஸ்ஜி குறைத்து மதிப்பிடும். எங்கிருந்தும் அடித்துக் குவிக்கும் அணியைக் கூட்டிக் காட்டும்.

தனி ஆட்டக்காரரைத் திட்டப் புறப்படும் முன் 'ஆன்-ஐஸ்', 'இன்டிவிஜுவல்' இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது அவர் ஐஸில் இருந்தபோது ஐவரும் சேர்ந்து செய்தது. லைன் டூல் பக்கத்தில் மேத்யூஸ் இருந்து, அவரோடு ஆடிய மிட்ச் மார்னர் இல்லாத நிமிடங்கள், இருவரும் சேர்ந்த நிமிடங்கள் என்று தனித்தனியே எடுக்க முடியும். சேர்ந்து ஆடிய இருவரில் யார் யாரைத் தூக்கினார் என்ற வாதத்துக்கு வேறு நேர்மையான வழி இல்லை. 2025-இல் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டதால் பழைய சீசன்களின் கணக்கு இப்போது இன்னும் பயன்படும்.

கோலிகள் விஷயத்தில் தளம் சுமார். இங்கே முதன்மையாக இருப்பது லீக் சராசரித் தடுப்போடு ஒப்பிட்ட கணக்கு. எதிர்கொண்ட ஷாட்டின் கடினத்தை வைத்து எத்தனை கோல் மிச்சப்படுத்தினார் என்று பார்க்க மணிபக் தளம் மேல். அங்கே ஒவ்வொரு ஷாட்டின் தரவையும் கோப்பாகப் பதிவிறக்கலாம், படங்களும் கண்ணுக்கு இதம். ஆனால் விரும்பியபடி வடிகட்டிப் பார்க்க நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக்குக்கு ஈடில்லை. கைபேசியில் மட்டும் பத்திகள் திரைக்கு வெளியே ஓடும். கணினியில் திறப்பது நல்லது.

மூன்றாம் கட்சியின் முக்கிய ஆயுதமான சம்பளக் கணக்கு இங்கே இல்லை. 2019-20-இல் 8.15 கோடி டாலர் சம்பள உச்சவரம்பில் நட்சத்திரங்கள் மேத்யூஸ், டவாரஸ், மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய 4.05 கோடி, அதாவது பாதி. அந்த விவரங்களைத் தந்த கேப்ஃப்ரெண்ட்லி தளத்தை 2024-இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் வாங்கிப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னால், 2014-இல், எக்ஸ்ட்ரா ஸ்கேட்டர் என்ற புள்ளிவிவரத் தளத்தை நடத்தியவரை லீஃப்ஸ் அணியே வேலைக்கு எடுத்துக்கொள்ள அந்தத் தளம் மறைந்தது. ஸ்கோரிங் சான்ஸ் விதியை வகுத்த வார்-ஆன்-ஐஸ் தளமும் இன்று இல்லை. இப்படித் தளங்கள் மறையக்கூடியவை என்பதால், வாதத்துக்கு வேண்டிய அட்டவணையை, தேர்ந்த ஆட்ட நிலையும் தேதியும் தெரியும்படி, அன்றே உங்கள் விரிதாளில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.