லாக் சேவையின் "தினசரி உச்சவரம்பு" பில்லைக் காக்காது: 1,83,000 ரூபாய் போச்சு

கிளவுட் லாக் சேவைக்கு அப்ளிகேஷன் லாக் (அப்ளிகேஷன் ஓடும்போது எழுதும் பதிவு வரிகள்) அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே உங்கள் பில்லைத் திறந்து பாருங்கள். இந்த மாதம் கார்டிலிருந்து எடுத்தது 1,83,000 ரூபாய்.

ஜிபி கணக்கில் காசு வாங்கும் சேவை. தினசரி உச்சவரம்பு 20 ஜிபி என்று செட்டிங்கில் போட்டிருந்தது. விற்பனைக்கு வந்த இன்ஜினியர் வீடியோ காலில் அந்தத் திரையையே காட்டி, "இதைத் தாண்டினா நின்னுடும் சார், டீபக் லாக்கையும் தைரியமா அனுப்புங்க" என்றார். அதை நம்பித்தான் டீபக் (பிழை தேடுவதற்கான விரிவான லாக்) திறந்துவிடப்பட்டது.

நிற்பது இண்டெக்ஸ் (தேடக் கிடைக்கும்படி வரிசைப்படுத்துவது) மட்டும்தான். உள்ளே வருவது (இன்ஜெஸ்ட்) வந்துகொண்டே இருக்கும். தேடினால் கிடைக்காத லாக்குக்கும் ஜிபிக்கு 42 ரூபாய்!

அப்ளிகேஷன் எழுதும் வரி 400 பைட். லாக்கைச் சேகரித்து அனுப்பும் ஃப்ளூயன்ட் பிட், அதில் குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை ஓட்டும் தளம்) தரும் லேபிள், ஆனோட்டேஷன் என்ற கூடுதல் குறிப்புகளை எல்லாம் ஒட்டியதும் 1,200 பைட். நொடிக்கு 2,000 வரி என்றால் நாளுக்கு 207 ஜிபி. ஜிசிப் சுருக்கத்தில் போவதால் நம் பக்க நெட்வொர்க் கிராஃபில் 20 ஜிபி சொச்சம்தான் தெரியும். அவர்கள் டாஷ்போர்டிலும் 20, ஏனென்றால் அது காட்டுவது இண்டெக்ஸ் ஆனதை. பில் மட்டும் சுருக்கத்தைப் பிரித்த பிறகான அளவுக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் சந்தேகமே வராது.

டிக்கெட் போட்டால் முதலில் ஆவணத்தின் லிங்க். பிறகு "பில்லிங் டீமுக்கு அனுப்பியுள்ளோம்". அதன் பிறகு பதிலே இல்லாமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தால், வருட ஒப்பந்தம் போட்டால் கொஞ்சம் கிரெடிட் தருகிறார்களாம். 1,83,000 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னொரு வருடமும் கேட்கிறார்கள்.

அவசரமாகச் சில:

உச்சவரம்பு இன்ஜெஸ்டுக்கா, இண்டெக்ஸுக்கா என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

டீபக்கை அவர்கள் பக்கம் வடிகட்டாதீர்கள், அதற்குள் மீட்டர் ஓடிவிடும். ஃப்ளூயன்ட் பிட்டிலேயே கிரெப் ஃபில்டரில் எக்ஸ்க்ளூட் போடுங்கள். குபர்னெட்டிஸ் ஃபில்டரில் ஆனோட்டேஷன்ஸை ஆஃப் செய்யுங்கள், லேபிளில் தேவையானதை மட்டும் வையுங்கள்.

ஃப்ளூயன்ட் பிட்டில் லாக் ஃபைலைப் படிக்கும் டெயில் இன்புட்டில் டிபி ஃபைல் (எதுவரை படித்தது என்று குறித்துவைப்பது) கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். அது இல்லாமல், ஃபைலை முதலிலிருந்து படிக்கச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய லாக் மறுபடி போகும், அதற்கும் பில்.

லிமிட் வைக்காத கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.