பழைய ஃபைபர் படகு, மூங்கில் கொத்துகள்: ஆனேக்கல் பக்கத்து ஏரியில் சில வருஷ அனுபவம்

பழுது பார்த்த பழைய படகையும், மீன் ஒதுங்க ஏரிக்குள் நட்ட மூங்கில் கொத்துகளையும் சில வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில் கிடைத்த தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படகு வாங்கினால் பெயிண்ட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பின்பலகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மீனுக்கு வீடு கட்டுவது என்றால் எதில் கட்டுகிறோம் என்பதைவிட எந்த ஆழத்தில் போடுகிறோம் என்பதே முக்கியம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது திருட்டு சம்பந்தப்பட்டது. பிறகு வருகிறேன்.

ஆனேக்கல் பக்கம் ஓர் ஏரியின் மீன் குத்தகை என் மாமாவிடம் இருக்கிறது. அதனால்தான் பெங்களூரில் இருந்துகொண்டு இந்த வேலையெல்லாம் செய்ய முடிந்தது. குத்தகை இல்லாத ஏரியில் படகு இறக்குவதும் மூங்கில் நடுவதும் வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

படகு ஒரு ரிசார்ட்டில் ஓரங்கட்டிக் கிடந்தது. பன்னிரண்டு அடி, தட்டையான அடிப்பாகம். டாடா ஏஸில் ஏற்றி வந்தோம். வெளியே தெரிந்த விரிசல்கள் பார்க்கத்தான் பயமாக இருந்தன, சரி செய்வது சுலபம். விரிசலின் இருபக்கமும் சரிவாகத் தேய்த்து, 450 கிராம் கண்ணாடியிழை விரிப்புத் துண்டுகளைச் சின்னதில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று பெரிதாக அடுக்கி, ரெசின் ஊறவைத்து, ரோலரால் காற்றுக் குமிழை வெளியேற்றினால் போதும். அந்த ஒட்டுகள் இன்றுவரை சொட்டு நீர் விடவில்லை.

பின்பலகை வேறு கதை. பேட்டரி மோட்டார் தொங்குவது அதில்தான். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீர் என்று ஒலிக்கும், நீர் குடித்த இடம் மொத்தென்று கேட்கும். எங்களுடையது முக்கால்வாசி மொத்தென்றது. உளுத்துப்போன மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெங்களூர் எஸ்ஜேபி ரோட்டில் ஐஎஸ் 710 என்ற தர முத்திரையுள்ள மரைன் பிளை, அதாவது தண்ணீரைத் தாங்கும் பிளைவுட், வாங்கினோம். கடைக்காரர் ஐஎஸ் 303 போதும் என்பார், விலையும் குறைவுதான். ஆனால் அது வீட்டு அலமாரிக்கு. புதுப் பலகையைப் பொருத்தும் முன் பழைய ஈரம் முழுக்கக் காய வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். உள்ளே ஈரத்தை வைத்து மூடினால் அடுத்த மழைக்குள் ஃபைபர் பெயர்ந்து வரும்.

ரெசின் பற்றி இரண்டு வார்த்தை. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்ட்னர். பெங்களூரின் மார்கழிக் காலைக் குளிரில் அது இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், உச்சிவெயில் ஏறிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும், விளையாட்டில்லை. இருக்கைக்கு அடியில் மிதவைக்குத் தெர்மோகோல் வைக்காதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து ஓடிவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வைத்தோம், நன்றாக இருக்கிறது.

பெயிண்ட் உரிகிறது, மீன்கள் புகார் சொல்லவில்லை.

இனி மீன் வீடு. மூங்கிலை சிவாஜிநகர் பாம்பூ பஜாரில் வாங்கி, தரையில் குத்திக் கொத்துக் கொத்தாக நட்டோம். தண்ணீருக்குள் இருக்கும் மூங்கிலில் சில வாரங்களில் வழவழவென்று பாசியும் நுண்ணுயிரும் படியும். ரோகு அதை மேய வரும். கட்லாவுக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை, அது மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிற மீன். விராலுக்கு மறைவிடம் கிடைத்தால் கொண்டாட்டம். ஜிலேபிக்கு எதுவும் தேவையில்லை, அது சாக்கடையிலும் குடும்பம் நடத்தும்.

அடுத்து பெயிண்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றி, பிவிசி குழாய்த் துண்டுகளையும் பழைய சொட்டுநீர்க் குழாய்களையும் செருகி இறக்கினோம். குழாயில் துளை போடாவிட்டால் உள்ளே காற்று நின்று வாளி சாய்ந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பாசி சீக்கிரம் பிடிக்கும். மூங்கில் நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உளுத்துப்போகிறது, வருஷாவருஷம் சிலவற்றை மாற்ற வேண்டும். பிவிசி அப்படியே கிடக்கிறது. ஆனால் மீன் கூடுவது மூங்கிலில்தான்.

டயர் போடலாமே என்று பலரும் கேட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 1970களில் இருபது லட்சம் டயர் போட்டு, அவை அவிழ்ந்து உருண்டு பவளத்தை நொறுக்கி, இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் தெருவோரம் குவியும் வாழைக்கன்றுகளையும் ஒருவர் வண்டியோடு கொண்டுவந்தார். திருப்பி அனுப்பினோம். பச்சைத் தாவரம் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதுவே இங்கே பற்றாக்குறை.

இந்த ஊர் ஏரிகளின் உண்மையான நோய் அதுதான். கழிவுநீர் கலந்த ஏரியில் பாசி பெருகும், பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் மிக மோசம். மேகமூட்டம் தொடர்ந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். 2016 மார்ச்சில் பெங்களூர் ஹலசூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததை அந்தப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழமான அடித்தட்டில் ஆக்சிஜன் பெரும்பாலும் இருக்காது. அங்கே மாளிகை கட்டினாலும் மீன் குடியேறாது. எங்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழம்தான் சரிப்பட்டது. ஆகாயத்தாமரை மூடும் ஓரத்தைத் தவிர்த்தோம்.

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் மாமா என்னைத் திட்டினார். "ஏன்டா, ஏரிக்குள்ள காடு வளர்க்கிறியா? வலை கிழிஞ்சா யார் காசு?" நியாயம்தான், இழுவலை கொத்தில் மாட்டினால் கிழியும். அதனால் வலை இழுக்கும் பாதையை விட்டுவிட்டு ஓரங்களுக்கு மாற்றினோம். அப்புறம்தான் தெரிந்தது, ராத்திரி வந்து வலை போடுகிறவர்களுக்கும் வலை கிழிகிறது. காய்ந்த கருவேல முள்ளையும் சேர்த்துக் கட்டியபின் அந்த ஓரத்துக்கு அவர்கள் வருவதே நின்றுவிட்டது. மீன் வளர்ந்ததில் மூங்கிலின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. திருட்டு குறைந்ததை மாமாவின் கணக்கு நோட்டே சொல்கிறது. இப்போது அவரே பாம்பூ பஜாருக்குப் போகச் சொல்லி போன் செய்கிறார்.

கோடையில் நீர் இறங்கியதும் சிமெண்ட் வாளிகளை இடம் மாற்றப்போகிறோம். ஒவ்வொன்றின் மேலும் மிதவை கட்டச் சொல்லியிருக்கிறார் மாமா, சொந்த வலையும் மாட்டாமல் இருக்க. மிதவை திருடனுக்கும் தெரியுமே என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.