கியூட்செஸ்-சிஎல்ஐயா, ஃபாஸ்ட்செஸ்ஸா? செஸ் என்ஜின்களை டெர்மினலில் மோதவிட எது சரி

செஸ் என்ஜினின், அதாவது செஸ் ஆடும் நிரலின், தேடல் பகுதியில் ஒரு வரியை மாற்றிவிட்டு, பழைய பதிப்பைவிட அது வலுவானதா என்று பார்க்க நூறு ஆட்டம் ஆடவிடுபவர்கள் நிறையப் பேர். அது போதவே போதாது. சமபலமுள்ள இரண்டு என்ஜின்கள் டிரா இல்லாமல் நூறு ஆட்டம் ஆடினால் பிழை வரம்பு ஏறக்குறைய ±68 ஈலோ (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி). ஆயிரம் ஆட்டத்தில் ±22, பத்தாயிரத்தில் ±7. டிரா கூடினால் வரம்பு சுருங்கும். இத்தனை ஆட்டங்களைத் திரையில் பலகை இல்லாமல் நடத்தித் தரும் கருவிகளில் முக்கியமானவை கியூட்செஸ்-சிஎல்ஐ (சுருக்கமாக கியூட்செஸ்), ஃபாஸ்ட்செஸ் இரண்டும்தான்.

நிறுவுவதில் ஃபாஸ்ட்செஸ் எளிது. சி++17 கம்பைலர் இருந்தால் ஒரு மேக் கட்டளையில் வேலை முடியும். கியூட்செஸ்ஸுக்கு க்யூட்டி நூலகங்களும் சிமேக்கும் வேண்டும். கட்டளை அமைப்பு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் மாறுவது சிரமமில்லை.

பெரிய வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. ஒரே தொடக்க நிலையை இரண்டு முறை ஆடவிடுகிறோம், காய் நிறத்தை மாற்றி. அந்த நிலை வெள்ளைக்குச் சாதகம் என்றால் இரண்டு என்ஜின்களும் வெள்ளையில் ஜெயித்து 1-1 ஆகும். கியூட்செஸ் இதை ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்று தனித்தனி ஆட்டங்களாக எண்ணும். சிதறல் பெரிதாகத் தெரியும். ஃபாஸ்ட்செஸ் ஜோடியாக எடுத்து 0, ½, 1, 1½, 2 என்ற ஐந்து முடிவுகளில் ஒன்றாக எண்ணும். 1-1 நடுவில் விழுகிறது, சிதறல் குறைகிறது. அதனால், போதிய ஆதாரம் சேர்ந்ததும் தானே நிற்கும் எஸ்பிஆர்டி என்ற புள்ளியியல் சோதனை குறைந்த ஆட்டங்களிலேயே முடிவுக்கு வரும். ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினின் சோதனைத் தளமான ஃபிஷ்டெஸ்ட் கியூட்செஸ்ஸை விட்டு ஃபாஸ்ட்செஸ்ஸுக்கு வந்துவிட்டது. என்ஜின் எழுதுபவர்களுக்கு என் பரிந்துரையும் அதுவே.

இடையில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஃபாஸ்ட்செஸ் நிலவரத்தை ஒரு ஜேசான் கோப்பில் எழுதிவைக்கும். அதைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கியூட்செஸ்ஸுக்கும் இடம் உண்டு. எக்ஸ்போர்டு என்ற பழைய தொடர்பு நெறிமுறை மட்டும் பேசும் பழைய என்ஜின்கள், கிரேசிஹவுஸ், அட்டாமிக் போன்ற மாற்று ஆட்டங்கள் என்றால் அதுதான் வழி. ஃபாஸ்ட்செஸ் யூசிஐ என்ற இன்றைய நெறிமுறை பேசும் என்ஜின்களுக்கும், வழக்கமான செஸ், செஸ் 960 (பின்வரிசைக் காய்களைக் கலைத்து வைத்து ஆடுவது) ஆகியவற்றுக்குமானது.

எதை எடுத்தாலும் அமைப்பு இப்படி இருக்கட்டும்: நேரம் 10+0.1, அதாவது பத்து விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல். இங்கே எண் விநாடியைக் குறிக்கும், நிமிடத்தை அல்ல. த்ரெட் 1, ஹாஷ் (என்ஜின் பார்த்த நிலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகம்) 16 எம்பி. சுற்றுகளை எஸ்பிஆர்டி முடிவுக்கு வரும் அளவுக்குத் தாராளமாக வையுங்கள், சுற்றுக்கு 2 ஆட்டம், ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி ஆடவைக்கும் ரிப்பீட் ஆப்ஷன் கட்டாயம். தொடக்கங்களுக்கு ஈபிடி கோப்பு (வரிக்கு ஒரு பலகை நிலை உள்ள உரைக்கோப்பு) கொடுத்தால் ஃபார்மேட்டையும் ஈபிடி என்று எழுதுங்கள். வரிசையை ரேண்டமாக வையுங்கள். வலுவான என்ஜின்களுக்குச் சற்றே ஒருபக்கம் சாய்ந்த தொடக்கங்கள் நல்லவை, சமநிலையில் தொடங்கினால் பெரும்பாலும் டிராதான். எஸ்பிஆர்டியில் ஈலோ எல்லைகள் 0, 5 என்றும், தவறான முடிவுக்கான வாய்ப்புகளான ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 0.05 என்றும் வைத்தால், சேர்ந்த ஆதாரத்தைக் காட்டும் எல்எல்ஆர் மதிப்பு +2.94ஐத் தொடும்போது மாற்றம் தேறியது, −2.94ஐத் தொட்டால் தள்ளுபடி. நடுவில் ஈலோ ஏறுமுகமாக இருக்கிறதே என்று நிறுத்திவிடக் கூடாது.

அதிகம் கெடுவது கன்கரன்சி எண்ணில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களின் எண்ணிக்கையில். பாண்டரிங் (எதிராளியின் நேரத்திலும் யோசிப்பது) இல்லாதபோது ஓர் ஆட்டத்தில் ஒரு என்ஜின்தான் யோசிக்கும். ஆகவே ஆட்டத்துக்கு ஒரு கோர். எட்டு உண்மையான கோர் உள்ள கணினியில் 7 வையுங்கள். ஒரு கோரை இரண்டாக எண்ணி இயங்குதளம் 16 என்று காட்டுவதை நம்பி 16 வைத்தால் என்ஜின்கள் ஒன்றையொன்று நெருக்கி நேரம் தீர்ந்து தோற்கும்.

ரெக்கவர் ஆப்ஷன் இருந்தால் கிராஷ் ஆன என்ஜினைத் திரும்பத் தொடங்கிப் போட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தத் தோல்வியும் ஈலோவில் சேர்ந்துவிடும். முடிவை நம்புமுன் ஆட்டங்கள் பதிவாகும் பிஜிஎன் கோப்பில் நேரத் தோல்வி, தொடர்பறுந்த ஆட்டம், விதி மீறிய நகர்வு எத்தனை என்று தேடிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவைத் தாண்டினால் என்ஜினைச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.