மருந்து ஏற்றிய மரமா, சாயம் பூசிய மரமா? வாங்கும் முன் பாருங்கள்

வராந்தா, படி, வேலி என்று மழை வெயிலில் நிற்கப்போகிற எதற்காவது மரம் வாங்குகிறவர்களுக்கு இது. கரையானும் பூஞ்சையும் அண்டாதபடி மருந்து ஏற்றிய மரம் என்று சொல்லி எங்கள் தலையில் ஒரு லோடு சாய மரத்தைக் கட்டிவிட்டார்கள். மேலே பச்சை, உள்ளே ஒன்றும் இல்லை. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று நினைக்கவும் எனக்குக் காரணம் இல்லை.

வீட்டு முன் வராந்தாவின் பலகைகள் உளுத்துவிட்டன. ஆள் வைக்காமல் நாங்களே பிரித்துக் கட்டுவது என்று முடிவு. அப்பாவுக்கு மரவேலை கைவந்தது. நானும் தம்பியும் அவருக்குக் கையாள். அளவும் கணக்கும் என் மனைவி பொறுப்பு. கடையில் அப்பா தெளிவாகவே சொன்னார்: "கால்கள் மண்ணில் ஊன்றப்போகிறது தம்பி, அதற்குத் தகுந்த மரம் வேண்டும்." அவர்கள் காட்டிய மாதிரித் துண்டு அருமையாக இருந்தது. குறுக்கே அறுத்த முகத்தில் மருந்து ஆழமாக இறங்கியிருந்தது. "அதே லாட்தான் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார் கடைக்காரர்.

வந்திறங்கிய மரம் வேறு. முதல் காலை அளவுக்கு அறுத்ததும், மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்த என் மகள்தான் கேட்டாள், "தாத்தா, உள்ளே வெள்ளையாக இருக்கிறதே?" அப்பா ஒன்றும் பேசாமல் இழைப்புளியை எடுத்து ஓரத்தில் ஒரு தள்ளு தள்ளினார். பச்சை மொத்தமும் அந்த ஒரே சுருளோடு கழன்று வந்துவிட்டது. அடியில் வெறும் மரம்.

மருந்து ஏற்றுவது பூச்சு வேலை இல்லை. மரத்தை மூடிய உருளைக்குள் அடைத்து, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். ஜான் பெத்தல் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1838-இல். பழைய வித்தைதான், ஆனால் அதற்கு ஆலை வேண்டும், நேரம் வேண்டும். சாயத்துக்கு ஒரு தொட்டி போதும். செம்பு கலந்த மருந்துதான் மரத்துக்கு அந்தப் பச்சையைத் தருகிறது. அதே பச்சையைச் சாயத்திலும் கொண்டுவந்துவிடலாம்.

கடைக்காரரைக் கூப்பிட்டோம். "நடுவில் வைரம் சார், வைரத்தில் மருந்து ஏறாது" என்றார். இதில்தான் பலர் வாயடைத்துப்போவார்கள், ஏனென்றால் சொன்னது பாதி உண்மை. வைரம் பாய்ந்த பாகத்தில், அதாவது மரத்தின் முற்றிய உட்பாகத்தில், மருந்து சரியாக இறங்காதுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பாகத்தில் நன்றாகவே இறங்கும், இறங்கவும் வேண்டும். கரையானும் பூஞ்சையும் முதலில் கை வைப்பது அங்கேதான். எங்கள் மரத்தில் அந்த வெள்ளையிலேயே மருந்து இல்லை. அப்பா இதை அப்படியே சொன்னதும் பேச்சு மாறியது: "அறுத்த மரத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம்."

கவனியுங்கள். அறுத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அறுத்துவிட்டாலோ மரம் உங்களுடையது. கடையின் சட்டமே இந்த வியாபாரத்துக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

இழுபறிக்குப் பிறகு அறுக்காத மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் வண்டிக்கூலியைக் கழித்துக்கொண்டு. அறுத்த கால்கள் எங்களோடு நின்றுவிட்டன. மண்ணில் ஊன்ற லாயக்கில்லை. உள்ளே பட்டறை மேஜைக்குக் கால் ஆக்கிவிட்டார் அப்பா.

கூடவே அன்பளிப்பாகக் கொடுத்த ஸ்க்ரூக்களும் அதே தரம். செம்பு கலந்த மருந்து ஈரத்தில் சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்க்ரூவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் அதற்குத் தாங்கும். முக்கியெடுத்தது மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். எங்களுக்குக் கொடுத்ததோ வெள்ளிபோல் மின்னியது, மெல்லிய மின்முலாம். மருந்தே ஏறாத மரத்துக்கு அது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ!

இரண்டாவது முறை வேறு கடை. மரத்தை வண்டியிலிருந்து இறக்கும் முன் எங்கள் விருப்பப்படி ஒரு துண்டை எடுத்து, நடுவில் அறுத்துப் பார்ப்போம், சரியில்லை என்றால் லோடு திரும்பும் என்று முதலிலேயே பேசி, பில்லில் எழுதி வாங்கினோம். நடுவில் என்பதை விட்டுவிடாதீர்கள். நுனி வழியாக எந்தக் கரைசலும் நாரோடு உள்ளே ஓடும், அதனால் சும்மா முக்கியெடுத்த மரம்கூட நுனியில் அறுத்தால் நல்ல பிள்ளையாகத் தெரியும். மண்ணில் ஊன்றும் உபயோகத்துக்கு என்ற வார்த்தையும் பில்லில் இருக்கட்டும்; தரைக்கு மேலே நிற்கும் பலகைக்கு ஏற்றும் மருந்தின் அளவு வேறு, மண்ணைத் தொடும் காலுக்கு வேறு. நல்ல மரமே கிடைத்தாலும் அளவுக்கு அறுத்த முகங்களில் அதற்கான மருந்தைத் தூரிகையால் ஊறப் பூசிவிட்டுத்தான் ஊன்ற வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கேட்டதுமே இரண்டு கடைகளில் "அப்படியெல்லாம் பண்றதில்லை சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் பிறகு நாங்கள் போகவில்லை.