கொழும்பு வெக்கையில் கம்ப்ரெஷன் ஸ்டொக்கிங்: நீண்ட நாள் போட்டால் தெரியவருபவை

பின்னேரமானால் கணுக்கால் வீங்கும், கெண்டைக்கால் கனக்கும், சொக்ஸ் இறுக்கிய இடத்தில் பள்ளம் விழும். இரவு படுத்தெழும்பினால் வற்றிவிடும். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இது பழகிப்போன வருத்தம். கால் நாளங்களுக்குள் இரத்தத்தை மேலே மட்டும் விடுகிற வால்வுகள் பழுதாகிவிட்டால், நடக்கும்போது கெண்டைத்தசை தள்ளிவிடும் இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்கும். நடந்தாலும் கணுக்காலில் அழுத்தம் போதிய அளவு குறையாது. வருடக்கணக்கில் அந்த அழுத்தம் தோலைக் கபில நிறமாக்கி, தடிப்பாக்கி, கடைசியில் உட்கணுக்காலுக்கு மேலே ஆறாத புண்ணாக்கும்.

கம்ப்ரெஷன் ஸ்டொக்கிங், அதாவது காலை நெருக்கிப் பிடிக்கும் நீள சொக்ஸ், இந்த வால்வைத் திருத்தாது. வெளியிலிருந்து நெருக்கி நாளத்தை ஒடுக்குவதுதான் அதன் வேலை. கழற்றினால் பலனும் போய்விடும். ஆகவே தினமும் போடக்கூடியதாக அது இருக்க வேண்டும். பாதியில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் பிழையான அளவையோ பிழையான அழுத்தத்தையோ வாங்கியவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்குவதற்கு முதல் வீக்கத்தின் காரணம் தெரிய வேண்டும். பிரஷருக்குக் குடிக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின் குளிசைகளும் இரண்டு கணுக்காலையும் வீங்கவைக்கும். மேல் மாகாணக் கரையோரம் யானைக்கால் நோய் பரவியிருந்த பகுதி. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்துவிட்டது, ஆனால் பழைய பாதிப்போடு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் புறங்காலும் விரல்களும் சேர்ந்து வீங்கும், இரண்டாம் விரலின் அடியில் மேல்தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. நாளக் கோளாறில் அநேகமாக விரல்கள் வீங்குவதில்லை. நாளத்தில் இரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனை நிற்கவைத்தே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், படுத்திருக்கும்போது இரத்தம் பின்னோக்கிக் கசிவது சரியாகத் தெரியாது. மேலோட்டமான நாளத்தில் இரத்தம் 0.5 செக்கனுக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது என்று கணக்கு.

சீனி வருத்தம் உள்ளவர்களும் புகைப்பவர்களும் இன்னொரு பரிசோதனையும் செய்தாக வேண்டும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது அது. விடை 0.8க்குக் கீழே என்றால் வைத்தியர் சொல்லாமல் இறுக்கமான ஸ்டொக்கிங் போடக் கூடாது, 0.5க்குக் கீழே என்றால் வழமையான ஸ்டொக்கிங் ஆபத்து, நாடி (காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைபட்ட காலில் தோலே கருகிவிடும். நெடுநாள் சீனி இருந்தால் நாடி கல்லுப்போல் விறைத்து அந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும். 1.3க்கு மேல் வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

கடையில் ஏமாறும் இடம், பெட்டியில் இறுக்கத்தைக் காட்டும் ‘கிளாஸ் 2’ என்ற எண். பிரித்தானிய முறையில் அது 18 முதல் 24 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம், ஜேர்மன் முறையில் 23 முதல் 32. ஒரே எண், வேறு வேறு இறுக்கம். கிளாஸைப் பார்க்காமல் பெட்டியில் உள்ள மில்லிமீற்றர் கணக்கைப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வார்ட்டில் மாட்டிவிடும் வெள்ளை ஸ்டொக்கிங் படுக்கையில் இருப்பவருக்கானது, நின்று வேலை செய்பவருக்கு அது போதாது. கிரேப் பன்டேஜ் கொஞ்ச நேரம் நடந்ததுமே தளரும்; பழகாத கை சுற்றினால் மேல்பக்கம் இறுகி வீக்கத்தைக் கூட்டும்.

அளவைக் காலையில், வீங்க முன்னர் எடுக்க வேண்டும்: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒடுங்கிய சுற்றளவு, கெண்டையின் பருத்த சுற்றளவு, குதிக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். ‘எல்லாருக்கும் ஒரே சைஸ்’ என்று விற்பதை விட்டுவிடுங்கள்.

போடும் விதத்திலும் பலர் தோற்கிறார்கள். உள்ளே கையை விட்டு குதிப்பையை (குதிக்கால் உட்காரும் பகுதியை) பிடித்து, அதுவரை முழுவதையும் உட்புறம் வெளியே வரப் புரட்டுங்கள். பாதத்தை நுழைத்து, குதிப்பை சரியாகக் குதிக்காலில் உட்கார்ந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்காமல், பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை போட்டு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி ஏற்றுங்கள். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். நீளம் கூடிவிட்டதென்று மேல்விளிம்பை மடித்தால் அந்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டினாற்போல் ஆகிவிடும். கட்டிலால் இறங்க முதலே போட்டு, படுக்கும்போது கழற்றுவதே வழக்கமாக இருக்கட்டும்.

இந்த ஊர் வெக்கைக்கு முழங்கால் வரையான, விரல் திறந்த, மெல்லிய நைலோன் ரகமே பொருந்தும். பருத்தி கூடியது வியர்வையைப் பிடித்துவைக்கும், மழைக்காலத்தில் ஒரு இரவில் காயாது. தொடைவரை வருவது நடக்க நடக்கச் சுருண்டு இறங்கும், சிலிக்கன் பட்டி கடிக்கும். பெரும்பாலானோருக்கு அது தேவையும் இல்லை. விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது கட்டாயம். அங்கே வரும் பூஞ்சை வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்கச் சிவந்து காய்ச்சலில் கொண்டுபோய் விடும். கிறீமை இரவில் பூசுங்கள், காலையில் பூசினால் ஸ்டொக்கிங் ஏறாது, நூலும் கெடும்.

இரண்டு சோடி வேண்டும். இளஞ்சூட்டு நீரில் சாதாரண சவர்க்காரம் போதும். துணி மென்மையாக்கி வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வெயிலில் போடவும் வேண்டாம். மாற்றி மாற்றிப் போட்டாலும் ஆறு மாதத்துக்குள் இறப்பர் நூல் சோர்ந்துவிடும். கிழியாததால் பலரும் வருடக்கணக்கில் போடுகிறார்கள். சுலபமாக ஏறத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

புண் வந்தவர்கள் ஸ்டொக்கிங்கோடு நின்றுவிடக் கூடாது. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வான எவ்ராவில், பன்டேஜோடு பழுதான மேலோட்டமான நாளத்தையும் உடனே லேசர் போன்ற முறைகளால் அடைத்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற எடுத்த காலம் 56 நாள். பிந்தி அடைத்தவர்களுக்கு 82 நாள். தேசிய வைத்தியசாலையிலும் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. புண் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் ஸ்டொக்கிங்கைத் தேடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தொடையில் கயிறு கட்ட வேண்டாம், நின்று பார்க்கவும் வேண்டாம். நின்றதும் மறுபடி பீறிடும்.