22 மாதம் துணி டயப்பர், உப்புத் தண்ணீர், ஒரு கட்டு பனியன் துணி

போன வாரம் பன்னிரண்டு துணி டயப்பர்களைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன். தொடையைச் சுற்றி வரும் எலாஸ்டிக் பன்னிரண்டிலும் தொய்ந்துபோயிருந்தது. ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மிக்சிக்கு உறைங்களா?" என்றார். விளக்கினேன். "கோவணம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஓரத் தையலைக் கொஞ்சம் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை உருவி, புதியதை ஊக்கில் கோத்து நுழைத்து, இரண்டு முனையையும் அடித்துக் கொடுத்தார். ஒன்றுக்கு 15 ரூபாய் கூலி. எலாஸ்டிக் என்னுடையது. திருப்பூரில் இருந்துகொண்டு அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்கள். கம்பெனி சாம்பிள் அறையில் கேட்டு வாங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் பார்த்து நண்பன் ஃபோன் செய்தான். மாசியில் அவனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. "துணி டயப்பர் வாங்கலாமா மாப்ள, இல்ல கடையில விக்கிற சாதா டயப்பரே போதுமா? ஜிஎஸ்டி வேற குறைஞ்சிருச்சு." குறைந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனது. பத்து நிமிடம் பேசினேன். பேசி முடித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளியே தண்ணீர் கசியாத லேமினேட் துணி, உள்ளே பை, பைக்குள் திணிக்கிற பேட், இடுப்பில் ஸ்னாப் பட்டன் வரிசை. இதெல்லாம் வாங்க நினைப்பவர்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிறவன். தையலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 22 மாதத்தில் ஒரு பட்டன்கூடக் கழன்று வரவில்லை. குழந்தைகள் உடுப்புக்கு பட்டனை இழுத்துப் பார்க்கும் சோதனையில் எத்தனை ஆர்டர் தோற்றிருக்கிறது என்று தெரிந்தவன் சொல்கிறேன், அந்த வேலை சுத்தம். எலாஸ்டிக் தொய்வதும் இயல்பு, அதைக் குறையாகவே எடுக்கவில்லை.

என் சண்டை அந்தப் பேடோடு.

முதல் மூன்று மாதம் தேன்நிலவு. நான்காம் மாதம் ஒரு விடியற்காலை பாப்பாவுக்குத் துணி மாற்றக் குனிந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாசத்தால் வந்த தண்ணீர் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். அமோனியா! பழைய பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில் நிற்பதுபோல் இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், துவைத்துக் காய்ந்த பேடை மூக்கருகே வைத்தால் ஒன்றுமே தெரியாது. குழந்தை ஒரு தடவை நனைத்ததும் உள்ளே தூங்கிய பூதம் எழுந்து உட்காரும்.

கம்பெனிக்கு எழுதினேன். இன்னொரு முறை அலசச் சொன்னார்கள். அப்புறம் சுடுதண்ணீரில் ஊறப்போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான்கு அலசல். எங்கள் வீட்டுக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர், சோப்பு நுரைக்கவே யோசிக்கும் உப்புத் தண்ணீர். நான்கு அலசல் என்று மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர் எங்கள் மொட்டை மாடி டேங்க்கைப் பார்த்ததில்லை.

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான் என்பது வேறு விஷயம். சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அமோனியாவாக்குகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காக மாறி, துணியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பேட் மைக்ரோஃபைபர், அதாவது முடியைவிட மெல்லிய பாலியஸ்டர் இழைகள். பிசுக்கும் பாக்டீரியாவும் குடியேற அதைவிட வசதியான காலனி கிடையாது. பாலியஸ்டர் பனியனில் வியர்வை நாற்றம் போகாது என்று ஆர்டர் கொடுக்கிற பையர்களிடம் எத்தனை தடவை பேசியிருப்பேன்! போதாக்குறைக்கு, துணி மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு மாதம் கம்ஃபர்ட் வேறு ஊற்றியிருக்கிறேன். அந்த மாதிரி திரவம் இழைமேல் ஒரு பூச்சு பூசிவிடும், அப்புறம் துணி ஈரத்தை இழுக்காது. அந்தப் பழி என்மேல்தான். ஊற்றாதீர்கள் என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அம்மா தலையிட்டார்.

அம்மா 90களில் எங்கள் ஊர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தவர். நானும் தங்கையும் வளர்ந்தது கட்டிங் வேஸ்ட் துணியில். வெள்ளை இன்டர்லாக் பனியன் துணி, நூறு சதவீதக் காட்டன். கம்பெனியிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வந்து, சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து வைத்துக்கொள்வார்களாம். அடியில் சிவப்பு ரப்பர் ஷீட். அதில் நான்கு சதுரத்தைப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, எட்டாக மடித்து, என் லேமினேட் பைக்குள் திணித்தார். "இத வெச்சுப் பாரு."

நாற்றம் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. காட்டன் சோப்பை விடுகிறது. அதைவிட முக்கியம், மடிப்பைப் பிரித்துவிட்டால் ஒற்றைத் துணி. ஆடிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் சருகாகிவிடும். தைத்து மூடிய பேடோ வெயில் நாளிலேயே சாயங்காலம் வரை நடுவில் ஈரமாக இருக்கும். ஐப்பசி மழையில் அதை ஃபேனுக்கு அடியில் போட்டு, அயர்ன்பாக்ஸ் வைத்து, கடைசியில் திட்டிக் காயவைத்திருக்கிறேன். இத்தனை ரூபாய்க்கு வாங்கிய பொருளின் ஆகச் சிறந்த பகுதி என் அம்மா வேஸ்ட் என்று வாங்கிய துணி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஆனால் அம்மாவின் கட்சி வேறு. எங்கள் வீட்டில் கடை டயப்பருக்கு ஓட்டுப் போடுகிற ஒரே ஆள் அவர்தான். "துணிதான் நல்லதுன்னு சொல்றவிங்க யாரும் துவைக்கறவிங்க இல்ல சாமி. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கல்லுல அடிச்சுத் துவைச்சது நானு. இது இருந்திருந்தா ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேன்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கயம் பக்கத்துக் கிராமம். அவருக்கு இரண்டுமே பிடிக்காது. "ரப்பரக் கட்டிப் புள்ளைய வேக வெக்கறீங்க" என்பார். அவர் காலத்தில் அப்புச்சியின் (தாத்தாவின்) பழைய வேட்டிதான், நைந்து நைந்து பஞ்சாகிப்போன வேட்டி. கிழித்து அடியில் விரிப்பது, அரைஞாண் கயிற்றில் செருகுவது, நனைந்தால் உருவிப் போடுவது. தூளியில் நனைத்தால் கீழே சொட்டும், மண் தரை குடித்துக்கொள்ளும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் துருவிக் கேட்டால்தான், பிரசவ வீட்டுத் துணியை எடுத்துப் போய்த் துவைக்க ஊரில் ஒரு குடும்பம் இருந்ததும், அவர்களுக்குக் கூலியாகத் தானியம் அளந்ததும் வெளியே வருகிறது. இன்று நாம் சுருட்டி எறிகிற டயப்பரும் யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் கையில்தான் போய் விழுகிறது. நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் சுற்றிக் கொடுப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

குளிப்பாட்டும் விஷயத்திலும் அம்மிச்சிக்கும் எங்களுக்கும் வழக்கு நடந்தது. காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவது, சாம்பிராணி, வசம்பு, மூக்கில் எண்ணெய். மூக்கு எண்ணெய்க்கு டாக்டர் தடை போட்டார். மற்றவற்றில் சமரசம்.

இந்த எரிச்சலில் ஒரு நாள், துணிமேல் தண்ணீர் புகாத உறை போடும் யோசனை யாருக்கு வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற அம்மா. 1946-ல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, உள்ளே சாதாத் துணியை வைத்துக் குழந்தைக்குப் போட்டிருக்கிறார். ஊக்குக்குப் பதில் ஸ்னாப் பட்டன். பிறகு பாராசூட் நைலானில் செய்து, 1949-ல் நியூயார்க் கடையில் விற்று, 1951-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். வெளியே உறை, உள்ளே துணி, ஸ்னாப் பட்டன். நவீனக் கண்டுபிடிப்பு என்று எனக்கு விற்ற பொருள் இதுதானே! எங்கள் சிவப்பு ரப்பர் ஷீட் எழுந்து குழந்தையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

கடை டயப்பரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிக்கும், பஸ் பயணத்துக்கும், கல்யாண மண்டபத்துக்கும் நாங்களும் அதைத்தான் போட்டோம். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் விக்டர் மில்ஸ் என்ற இன்ஜினியர், பேரக் குழந்தைக்கு டயப்பர் மாற்றி அலுத்துப்போய்ப் பாம்பர்ஸ் வேலையைத் தொடங்கினாராம். 1961-ல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் விற்றுப் பார்த்தார்கள். அன்றைக்கு உள்ளே இருந்தது மரக்கூழ்ப் பஞ்சு. 80களில்தான் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் உள்ளே வந்தது, டயப்பரும் மெலிந்தது. அந்தத் தூளின் சக்தியை நான் நேரில் பார்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் சுருண்டு கிடந்த டயப்பரைக் கவனிக்காமல் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாத் துணியிலும் ஜவ்வரிசிப் பாயசம். என் ஆபீஸ் சட்டைப் பையில்கூட. உப்பு போட்டால் அந்த ஜெல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும் என்று படித்து, ஒரு பாக்கெட் கல்லுப்பைக் கொட்டினேன். வேலை செய்தது. என் 22 மாதத்தில் உப்பு எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

இனி நான் எதிர்பார்க்காத ஒன்று. பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது அம்மிச்சி வந்து தங்கினார். காலையில் குழந்தை கண் விழித்ததும், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து அதன்மேல் அவளை உட்காரவைப்பார். கீழே ஒரு பழைய பேப்பர். "ஸ்ஸ்ஸ்" என்று மெல்ல ஒரு சத்தம். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, நான் உள்ளூரச் சிரித்தேன். இரண்டாவது வாரம் சத்தம் கேட்டதும் தண்ணீர் வந்தது. ஏழு மாதத்தில் காலைக்கடன் பெரும்பாலும் அந்தப் பேப்பரோடு முடிந்தது. ஒரு நாளைக்கு எட்டு துணி என்பது ஐந்தாக, நான்காகக் குறைந்தது. மேற்கே இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சீனாவில் இதற்காகவே நடுவில் பிளவு விட்ட கால்சட்டை தைப்பார்கள். அம்மிச்சியிடம் அதைச் சொன்னேன். "அதத் தைக்கறதுக்கு ஒண்ணும் போடாமயே உடலாமே கண்ணு" என்றார். துணி டயப்பர் எங்கள் வீட்டில் 22 மாதம் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பாதங்கள்தான் காரணம். எந்த விளம்பரத்திலும் இது வராது, ஏனென்றால் விற்க அதில் எதுவுமில்லை.

சுற்றுச்சூழல் கணக்கு கேட்பவர்களுக்கு: பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஒரு கணக்குப் போட்டது. இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பர் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், துணி 570. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மெஷின் நிறையத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் போட்டால் துணியின் கணக்கில் ஏறத்தாழ 200 கிலோ குறையும். வெயில் எங்களிடம் இருக்கிறது. அடுத்த குழந்தை சித்திரையில் வருகிறது. தண்ணீர்தான் இல்லை.

நண்பனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் வீட்டிலும் போர் தண்ணீர்தான், அதனால் வாங்காதே. வாங்கினால் உறையை மட்டும் வாங்கு, மைக்ரோஃபைபர் பேடை வண்டி துடைக்க வைத்துக்கொள், அதற்கு அருமையான துணி. காலுக்கடியில் பேப்பர் விரித்து உட்கார வீட்டில் ஒரு பெரியவர் இல்லையென்றால் அதையும் வாங்காதே. ஜிஎஸ்டி குறைந்த டயப்பரை வாங்கிக்கொண்டு போய்த் தூங்கு. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று பட்டனுக்கு.

"அவ்வளவு மோசம்னா உன்கிட்ட இருக்கற பன்னெண்டையும் குடுத்துரு மாப்ள, நான் சும்மா போட்டுப் பாக்கறேன்" என்றான்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.